ஒன்பது பலகையா, எட்டுப் பலகையா?

1

வண்டிக்குச் சாமான் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கம்பெனியா, லோக்கலா?" கம்பெனி என்றால் ஒரிஜினல், விலை கூட. லோக்கல் என்றால் மலிவு, எத்தனை நாள் ஓடும் என்பது நம்ம ராசி. ஒரிஜினல் என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் வேறு அர்த்தம் கிடையாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிடும்.

எழுபது வயதான ஒரு வண்டியின் முன்னால் நின்று இதே கேள்வியைக் கேட்டால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. பாகம் கம்பெனியுடையதுதான், ஆனால் வண்டி வெளிவந்து ஏழு வருஷம் கழித்து வார்க்கப்பட்டது என்றால் அது ஒரிஜினலா? அதே வருஷம், அதே கம்பெனி, ஆனால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது என்றால்? பாகங்கள் எல்லாமே சரி, ஆனால் தொழிற்சாலை அந்த வண்டிக்கு ஒருநாளும் கொடுக்காத பளபளப்போடு இருக்கிறது என்றால்?

பழைய பிக்கப் டிரக்குகளைச் சீரமைப்பவர்கள் இந்தக் கேள்விகளோடுதான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். காரைவிட பிக்கப்பில் இது கஷ்டம். கார் வீட்டு வாசலில் நிற்கும் சொத்து, துடைத்து வைப்பார்கள். பிக்கப் பிறந்ததே வேலைக்காக. தொடக்க காலத்தில் விவசாயிகளே காரின் பின்பக்கத்தை வெட்டி மரப்பெட்டி பொருத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்த ஃபோர்ட் நிறுவனம் 1925 ஏப்ரலில் மாடல் டி வண்டியின் பின்னால் இரும்புத் தொட்டியை ஆலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அப்படித் தொடங்கிய வண்டியை யாரும் பூட்டிப் பாதுகாக்கவில்லை. கதவு நசுங்கினால் பக்கத்துப் பண்ணையில் கிடக்கும் வண்டியின் கதவு. எஞ்சின் போனால் கிடைத்த எஞ்சின். தரை துருப்பிடித்தால் ஒரு தகடு, நாலு வெல்டிங். வண்டி ஓடணும், அவ்வளவுதான். அதனால் இன்று கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் ஒரு பிக்கப் ஒரே ஆலையில் ஒரே நாளில் கட்டப்பட்ட பொருளாக இருப்பது அபூர்வம். பலர் கைபட்டு, பல காலம் திருத்தி எழுதப்பட்ட ஏடு மாதிரிதான் அது இருக்கும்.

நான் கன்சாஸ் சிட்டியில் வேலை பார்த்த நாட்களில் அலுவலக நண்பர் ஒருவர் தன் தாத்தாவின் செவர்லே 3100 பிக்கப்பைப் பண்ணைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தார். 1951ஆம் வருஷத்து வண்டி. சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, போட்டோ எடுப்பது, நோட்டில் குறித்துக்கொள்வது, இவைதான் என் பங்கு. அந்த நோட்டு நிறைய நிறைய, இரும்பையும் ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்க முடியும் என்பது எனக்குப் புரிந்தது. படிக்கத் தெரியாதவன் கையில் அந்த ஆவணம் ஒரே நாளில் அழிந்துவிடும் என்பதும்.

2

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வாகன ஆலைகள் ராணுவத்துக்குத் திரும்பின. 1942 தொடக்கத்தில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அடியோடு நின்றது. போர் முடிந்ததும் பழைய அச்சுகளிலேயே கொஞ்ச காலம் ஓட்டிய பிறகு, 1947 ஜூனில் செவர்லே தன் புதிய டிரக் வரிசையை வெளியிட்டது. பெயர் அட்வான்ஸ் டிசைன். உருண்ட முகம், முன்னால் ஐந்து கிடைக்கம்பிகள் கொண்ட கிரில், இரண்டு துண்டுக் கண்ணாடி. பழைய அமெரிக்கப் படங்களில் வைக்கோல் கட்டுகளோடு வரும் பிக்கப்பை நினைத்தால் பெரும்பாலும் மனதில் வருவது இந்த வண்டிதான். 1955 மார்ச் வரை இதே குடும்பம் விற்பனையில் இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் 1947 வண்டிக்கும் 1953 வண்டிக்கும் வித்தியாசமே தெரியாது. கிட்டே போனால் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். 1947இல் கியர் தடி தரையில். 1948இல் மூன்று கியர் வண்டிகளுக்கு அது ஸ்டியரிங் தண்டுக்கு ஏறிவிட்டது. 1949இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால் வந்தது. அதே வருஷம் பானெட்டின் பக்கவாட்டில் இருந்த 'த்ரிஃப்ட்மாஸ்டர்' என்ற பெயர் போய் 3100 என்ற எண் வந்தது. அரை டன் வண்டி என்பதற்கான குறி. 1950இல் ஷாக் அப்சார்பர் மாறியது. 1951இல் கதவுக் கண்ணாடியின் முன்மூலையில் திறந்து மூடும் முக்கோணச் சின்னக் கண்ணாடி வந்தது. 1952இல் கீழே திருப்பித் திறக்கும் கதவுப்பிடி போய் பொத்தானை அழுத்தும் பிடி வந்தது. 1954இல் முகமே மாறியது: ஒரே துண்டு முன்கண்ணாடி, காளை மூக்கு என்று செல்லமாக அழைக்கப்படும் தடித்த கிரில், பெரிய எஞ்சின்.

மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் மாதிரி தெரிந்தாலும், இதன் பயன் ஒன்றோடொன்றைக் கோர்க்கும்போதுதான் தெரியும். முக்கோணக் கண்ணாடி 1951இல் தொடங்குகிறது. கீழே திருப்பும் கைப்பிடி 1951இல் முடிகிறது. ஆக, இரண்டும் சேர்ந்து இருக்கும் கதவு அந்த ஒரே வருஷத்துக் கதவு. நண்பரின் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவு அப்படித்தான் இருந்தது. மறுபக்கக் கதவில் பொத்தான் பிடி. எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 1952க்கு முன்னால் அந்தக் கதவு பிறந்திருக்க முடியாது. ஒரு பைசா செலவில்லாமல், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் முதல் விபத்து பற்றிய செய்தி கிடைத்துவிட்டது. பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்ததில் அதுவும் ஒத்துப்போனது. இடது கதவில் மேல்நிறத்துக்குக் கீழே ஒரே பச்சை. வலது கதவில் அதே மேல்நிறத்துக்குக் கீழே நீலம். வேறொரு வீட்டில் பிறந்து இங்கே வாழ வந்த கதவு.

சில மாற்றங்கள் வருஷத்தின் நடுவிலும் நடந்தன. பின்தொட்டியின் தரை மரப்பலகைகளால் ஆனது. பலகைகளுக்கு இடையே நீளமான இரும்புப் பட்டைகள் ஓடும். 1951இன் நடுவில் ஒன்பது பலகை எட்டாகக் குறைந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், இதனால் '1951 மாடல்' என்பதே ஒற்றை வண்டி இல்லை என்றாகிவிடுகிறது. வருஷ ஆரம்பத்தில் வந்த வண்டிக்கு எட்டுப் பலகை போட்டால் அது தவறு. வருஷக் கடைசியில் வந்ததற்கு ஒன்பது போட்டால் அதுவும் தவறு.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி குரோம் பற்றியது. 1951 வரை டேஷ்போர்டின் அலங்காரப் பட்டைகள், ஜன்னல் கைப்பிடிகள், வைப்பர் குமிழ்கள் எல்லாம் குரோம் பூச்சோடு மின்னின. 1952இல் அந்த இடங்களில் வெறும் பெயின்ட் வந்தது. 1950 ஜூனில் கொரியாவில் போர் தொடங்கியிருந்தது. நிக்கலும் குரோமியமும் ராணுவத்துக்குத் தேவைப்பட்டன. மின்னுவதற்காகச் செலவிட அரசு விடவில்லை. சோல் நகரம் கைமாறிக் கைமாறி எரிந்துகொண்டிருந்ததன் சுவடு, மிசூரியில் மாட்டுத் தீவனம் ஏற்றிப்போகும் ஒரு வண்டியின் ஜன்னல் குமிழில் இருக்கிறது. இன்று 1952 வண்டி ஒன்றைச் சீரமைப்பவர், 'பாவம், குரோம் உரிந்துபோச்சு போல' என்று நினைத்து எல்லாவற்றுக்கும் புதிதாகக் குரோம் பூசுகிறார். வண்டி அழகாகத்தான் இருக்கும். கொரியப் போர் அதிலிருந்து காணாமல் போயிருக்கும்.

3

கண்ணால் பார்த்து வருஷம் சொல்வது முதல் படி. அடுத்த படி எண்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒரு சின்னத் தகடு. அதில் வண்டியின் வரிசை எண். முதலில் வரும் எண் ஆலையைக் குறிக்கும். 3 என்றால் செயின்ட் லூயிஸ், 5 என்றால் கன்சாஸ் சிட்டி. அடுத்த எழுத்து வருஷம், 1951க்கு ஜே. அதற்கடுத்தது எடைவகை, அரை டன்னுக்கு பி. பிறகு மாதம், ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். நண்பரின் தகட்டில் 5, ஜே, பி, சி என்று வரிசையாக இருந்தது. கன்சாஸ் சிட்டி ஆலை, 1951, அரை டன், மார்ச். கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வண்டி பிறந்திருக்கிறது.

இந்தத் தேதி கிடைத்துவிட்டால் மற்ற எல்லாப் பாகங்களையும் இதோடு ஒப்பிடலாம். வார்ப்பிரும்புப் பாகங்களில், முக்கியமாக எஞ்சின் பிளாக்கிலும் ஹெட்டிலும், வார்த்த தேதி புடைப்பெழுத்தாக இருக்கும். ஓர் எழுத்து, ஓர் எண், கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம். 'பி 9 1' என்றால் பிப்ரவரி 9, கடைசி இலக்கம் 1. ஆனால் எந்தப் பத்தாண்டின் 1? 1941ஆ, 1951ஆ, 1961ஆ? தேதி அதைச் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் நீண்ட வார்ப்பு எண்ணைப் பார்த்து, அந்த வடிவம் எந்த ஆண்டுகளில் வார்க்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சாட்சி அரைகுறையாகச் சொல்வதை இன்னொரு சாட்சி நிறைவு செய்கிறது.

விதி எளிது. பாகம் வண்டிக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ரொம்பவும் முன்னால் அல்ல. மார்ச் மாத வண்டியில் பிப்ரவரி வார்ப்பு இருந்தால் பொருந்துகிறது. ஏப்ரல் வார்ப்பு இருந்தால் அது பின்னால் வந்தது, சந்தேகமே இல்லை. இரண்டு வருஷம் முந்தைய வார்ப்பு என்றால் வேறு வண்டியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே பொருந்தினாலும், 'இதே வண்டியில் பிறந்தது' என்று அது நிரூபித்துவிடாது. 'இருந்திருக்கலாம், தடையில்லை' என்றுதான் சொல்லும். இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள், ஏமாற்றவும் செய்கிறார்கள்.

நண்பரின் எஞ்சினில் எண்களைத் தேடும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. 1951 பிக்கப்பில் வர வேண்டியது 216 கன அங்குலம், சுமார் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன் பக்கவாட்டு மூடி உயரமாக, ஸ்பார்க் பிளக்குகள் வரை எழுந்து நிற்கும். மேல்மூடியை நடுவில் இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். எங்கள் முன்னால் இருந்ததில் பக்கமூடி குட்டை. மேல்மூடியின் விளிம்பில் நான்கு திருகுகள். இது 1954 முதல் டிரக்குகளில் வந்த 235 கன அங்குல எஞ்சினின் அடையாளம். துருவைத் துடைத்ததும் தேதி தெரிந்தது. 'கே 7 7'. நவம்பர் 7, 1957.

இப்படி மாற்றுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. 216 எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டு இருக்கும். அது சுற்றும்போது எண்ணெயை அள்ளிக்கொள்ளும். பேரிங்குகள் பாபிட் என்ற மெல்லிய உலோகக் கலவையை ஊற்றிச் செய்தவை. பண்ணைப் பாதையில் நாற்பது மைல் வேகத்தில் போனால் பல வருஷம் உழைக்கும். 1956இல் அமெரிக்கா மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. சாலைகள் வேகமாயின. அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் பழைய எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். 235இல் அழுத்தத்தோடு எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். பேரிங்குகளைக் கழற்றி மாற்றலாம். கொஞ்சம் கைவேலையோடு பழைய இடத்தில் உட்கார்ந்தும்விடும். ஆக, அந்தத் 'தவறான' எஞ்சின் ஒரு நாட்டின் சாலைகள் மாறியதற்கான சாட்சி.

இதில் இன்னொரு சிக்கல் காகிதத்தில் இருந்தது. நம்ம ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி அங்கே டைட்டில் என்ற உரிமைப் பத்திரம். இன்றைய பதினேழு இலக்க வாகன எண் 1981இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு பல மாநிலங்கள் எஞ்சினில் பஞ்ச் செய்த எண்ணையே வண்டியின் எண்ணாகப் பதிந்துகொண்டன. எஞ்சின் வண்டியைவிட்டுப் போய்விடும் என்று அந்தக் குமாஸ்தாக்கள் யோசிக்கவில்லை போல. நண்பரின் பத்திரத்திலும் இருந்தது எஞ்சின் எண்தான். அந்த எஞ்சின் அறுபது வருஷங்களுக்கு முன்பே பழைய இரும்புக்குப் போயிருக்கும். உலகத்தில் அது இருந்ததற்கான ஒரே தடயம் அந்தத் தட்டச்சு வரி. சட்டப்படி பார்த்தால் வண்டியின் பெயர் அது. வண்டியிலோ அந்தப் பெயர் கொண்ட இரும்பு ஒரு கிராம்கூட இல்லை.

4

பெரிய பாகங்களை எண் காட்டிக்கொடுக்கும். எண் இல்லாத சின்னச் சாமான்களை என்ன செய்வது?

திருகுகளைப் பாருங்கள். 1940களிலும் 50களிலும் ஜெனரல் மோட்டார்ஸ் கிளட்ச் ஹெட் என்ற ஒருவகைத் திருகை நிறையப் பயன்படுத்தியது. அதன் தலையில் உள்ள பள்ளம் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல இருக்கும். சாதாரண ஸ்குரூ டிரைவர் அதற்குச் சரியாக உட்காராது. ஆகவே ஒரு முறை அவசரத்துக்குக் கழற்றியவர், திரும்ப மாட்டும்போது கையில் கிடைத்த பிலிப்ஸ் ஸ்குரூவைத்தான் போட்டிருப்பார். ஒரு மூடியில் ஆறு திருகும் வண்ணத்துப்பூச்சியாக இருந்தால் அதை யாரும் தொடவில்லை என்று நம்பலாம். நாலு அப்படி, ரெண்டு பிலிப்ஸ் என்றால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். ஒரு திருகின் விலை ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு முத்திரை. அரக்கு வைத்த கடிதத்தை யாரோ பிரித்துப் படித்தது தெரிவதுபோல, இதிலும் தெரியும்.

பெயின்ட் இன்னும் நன்றாகப் பேசும். வெளியே எத்தனை முறை பூசியிருந்தாலும் சில இடங்களை யாரும் தொடுவதில்லை: தகட்டின் அடிப்பக்கம், கேபினுக்குள் பெட்ரோல் டேங்க் மறைத்திருக்கும் சுவர், தரை ரப்பர் விரிப்பின் கீழே. ஆலையின் நிறம் அங்கே பத்திரமாக இருக்கும். வெளியே உள்ள அடுக்குகளைப் பார்க்க, ஓர் இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மரத்தின் வயது வளையங்கள் மாதிரி நிறங்கள் வட்டம் வட்டமாக வெளிப்படும். எங்களுக்குக் கிடைத்த வளையங்கள்: வெளியே தூரிகையால் பூசிய வெள்ளை, அடுத்து ஒரு சிவப்பு, பிறகு ஆலைப் பச்சை, அதற்கடியில் பிரைமர், கடைசியில் இரும்பு. வலது கதவில் மட்டும் பச்சையின் இடத்தில் நீலம். அதன்மேல் அதே சிவப்பு. அப்படியென்றால் கதவு மாறியது சிவப்பு பூசுவதற்கு முன்பு. தாத்தா வண்டிக்குச் சிவப்பு அடித்ததே கதவின் நீலத்தை மறைக்கத்தானோ என்னவோ.

இல்லாததையும் படிக்கலாம். பின்தொட்டியில் பலகையே இல்லை. தாத்தா எந்தக் காலத்திலோ தரை முழுக்க ஒரு தடித்த இரும்புத் தகட்டைப் போட்டு ஓரமெல்லாம் வெல்டு அடித்துவிட்டார். அதை எடுத்தபோது கீழே மக்கிய மரத்தூள்தான். ஒன்பதா எட்டா என்று எண்ண ஒன்றுமில்லை. ஆனால் குறுக்கே போகும் இரும்புச் சட்டங்களில் போல்ட் ஓட்டைகள் இருந்தன. பலகைகளுக்கு நடுவே ஓடும் பட்டைகளை இறுக்கிய ஓட்டைகள். எண்ணினோம். எட்டு வரிசை. எட்டுப் பட்டை என்றால் நடுவே ஒன்பது பலகை. மார்ச் மாத வண்டி, வருஷ நடுவில் நடந்த மாற்றத்துக்கு முந்தையது. தகடும் ஓட்டைகளும் ஒரே கதையைச் சொன்னபோது கொட்டகையில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு அவர் மனைவி வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

இந்தத் தடயங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. சீரமைப்பு வேலையின் முதல் வாரத்திலேயே இவை அழியக்கூடியவை. வழக்கமாக என்ன நடக்கிறது? வண்டியை முழுக்கப் பிரிக்கிறார்கள். திருகுகளை ஒரே வாளியில் கொட்டுகிறார்கள். கேபினையும் தொட்டியையும் மணலடித்துச் சுத்தம் செய்யும் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். மாலையில் வண்டி வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு திரும்பி வரும். நிற வளையங்கள் போயாச்சு. ஓட்டைகளில் அடைத்து, பட்டி பார்த்து, தேய்த்தாச்சு. ஆதாரம் என்னவென்று தெரிந்துகொள்வதற்கு முன்பே ஆதாரத்தை அழித்தாயிற்று. பிறகு எது ஒரிஜினல் என்று எத்தனை புத்தகம் புரட்டினாலும் அது பொதுவான 1951 வண்டியைப் பற்றித்தான் சொல்லும். இந்த வண்டியைப் பற்றிச் சொல்லாது.

அதற்குப் பிறகு கடையில் வாங்குவது தொடங்குகிறது. இந்த வரிசை டிரக்குகளுக்கு மட்கார்டு, கிரில், பலகை, ரப்பர், கைப்பிடி என்று பெரும்பாலானவை இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தவிர, ஆலை அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் கிடங்கில் கிடந்த பழைய சரக்கும் பெட்டியோடு கிடைக்கும், விலை எகிறும். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கும். ஆனால் டீலர்களுக்கு அனுப்பப்பட்ட மாற்றுப் பாகங்களில் சில, பிந்தைய ஆண்டுகளின் வடிவத்தில் செய்யப்பட்டவை. பெட்டி நிஜம், கம்பெனி நிஜம். வண்டியோடு அதற்கு எந்த உறவும் கிடையாது.

எண்ணுக்கு மதிப்பு வந்த இடத்தில் போலியும் வரும். விலையுயர்ந்த பழைய கார்களில் எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் பொருந்தினால் விலை பல மடங்கு. அதனால் எண்ணை இழைத்துத் தள்ளிவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாக அடிப்பவர்கள் உண்டு. ஆலை எந்திரம் அந்தப் பரப்பைச் செதுக்கியபோது விட்டுப்போன மெல்லிய இணைகோடுகள் எண்ணுக்கு அடியில் தெரியும். இழைத்தால் கோடுகள் போய்விடும். மோசடியைப் பிடிப்பவர் எண்ணைவிட அந்தக் கோடுகளைத்தான் உற்றுப் பார்ப்பார்.

5

இதையெல்லாம் கண்டுபிடித்த பிறகும் மிச்சமிருக்கும் கேள்வி, எந்த நாளுக்குத் திரும்புவது? ஆலை வாசலைவிட்டு வெளியே வந்த நாளுக்கா, கொட்டகையில் நின்ற கடைசி நாளுக்கா?

போட்டிகளுக்காகச் சீரமைப்பவர்களில் பலர் ஆலை நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமுறையில் அவர்கள் போய்ச் சேர்வது ஆலைக்கும் அப்பால். அந்தக் கால 3100இன் அடிப்படை வண்டியில் பின்விளக்கு ஒன்றே ஒன்று, இடது பக்கம். வலது விளக்குக்குத் தனிக் காசு. இண்டிகேட்டர், ஹீட்டர் எல்லாமே மேற்கொண்டு கொடுத்து வாங்க வேண்டியவை. பின்தொட்டிப் பலகை மூட்டை இழுப்பதற்காகப் போட்டது. சாப்பாட்டு மேஜை மாதிரி வார்னிஷ் பளபளப்பு அதற்கு இல்லை. இன்று கண்காட்சிகளில் நிற்கும் வண்டிகளில் இரண்டு விளக்கு, முகம் பார்க்கும் பெயின்ட், தேக்குக் கட்டில் போல மின்னும் பலகை. அப்படியொரு வண்டியை எந்த விவசாயியும் 1951இல் வாங்கியிருக்க முடியாது.

இந்த விவாதம் ஒரு தடவை நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ஒன்று உண்டு. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். பின்னால் அது பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. பந்தயத்தில் ஓடிய பாகங்கள் இதில் எவ்வளவுதான் மிச்சம், இது அதே கார்தானா என்று வாங்கியவர்கள் பின்வாங்கினார்கள். லண்டனில் வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், பந்தயத்தில் ஓடிய அதே உருவம் இது இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் வண்டி ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. பாகம் பாகமாக மாறிக்கொண்டே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பெயருக்கு வேறு எந்த வண்டியும் உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தார். வாங்கியவர்கள் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

பழைய கோயில்கள், கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா தன் டூரின் சாசனத்தை உருவாக்கியது. அதன் சாரம்: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, வண்டியின் வாழ்க்கையில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறுதான், புதிதாக எதையாவது வைத்தால், புதிது என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்படி குறித்து வை.

கடைசி யோசனை நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன்பு பல ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டார். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல் இருக்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலே வைப்பார். மற்றதை அழிக்க மாட்டார். பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போடுவார். நாளைக்கு வேறொருவர், 'நீங்கள் தேர்ந்தது தவறு' என்று சொல்ல அது வழிவிடுகிறது. ஆலை நாளுக்குத் திரும்புகிறேன் என்று எல்லாவற்றையும் மாற்றித் தூக்கிப்போடும் சீரமைப்பாளர், அடிக்குறிப்பே இல்லாத பதிப்பைப் போடுகிறார்.

இந்தியாவுக்கு வந்தால் ஆலை நாள் என்ற ஒன்றே பல வண்டிகளுக்குக் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில், சிவ்ரி என்ற இடத்தில், பாகங்களை இறக்குமதி செய்து வண்டிகளைக் கோர்த்துக்கொண்டிருந்தது. இங்கேயே பாகங்களையும் தயாரிக்காதவர்களுக்கு இடமில்லை என்று 1953இல் அரசின் கொள்கை மாறியது. 1954இல் அந்த ஆலை மூடப்பட்டது. லாரியும் பஸ்ஸும் இங்கே பெரும்பாலும் எஞ்சினும் சேசிஸுமாகத்தான் விற்கப்பட்டன. மேலே உடம்பு கட்டியது உள்ளூர்த் தச்சரும் டிங்கரும். ஆலை மூடிய பிறகு பாகம் தேய்ந்தால் லேத்துக்குப் போவதுதான் வழி. அப்படி எழுபது வருஷம் தாண்டிய ஒரு வண்டிக்கு, உள்ளூர் ஆசாரி கட்டிய மரக்கூடுதான் ஒரிஜினல். அதை எடுத்துவிட்டு அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ஒன்றை மாட்டினால், இந்த மண்ணில் எப்போதுமே ஓடாத ஒரு வண்டிதான் நமக்குக் கிடைக்கும்.

6

நண்பர் குளிர்காலம் முழுக்க யோசித்தார். 1951 தேதியிட்ட 216 எஞ்சின் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்தது. தேதியும் பொருந்தியது, ஜனவரி வார்ப்பு. அதைப் போட்டால் பார்ப்பவர்கள் யாரும் குறை சொல்ல முடியாது. "ஆனா அது வேற யாரோட தாத்தா எஞ்சினோ," என்றார். 235 எஞ்சினைப் பிரித்து, புதிய பேரிங் போட்டு, அதே இடத்தில் வைத்தார். தாத்தா ஓட்டிய வருஷங்களைக் கணக்கு பார்த்தால், வண்டியோடு பிறந்த எஞ்சினைவிட அதுதான் அவருக்கு அதிக காலம் உழைத்தது.

தொட்டிக்கு ஒன்பது பலகை வாங்கினார். வார்னிஷ் அடிக்காமல் கறுப்புப் பெயின்ட் பூசினார். தாத்தா வெல்டு அடித்த இரும்புத் தகடு கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. வேண்டுமென்றால் மறுபடி மேலே போட்டுக்கொள்ளலாம். வலது கதவை மாற்றவில்லை. அதன் உள்விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு நீலத்தை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இடத்துக்குப் பச்சை அடித்தார். இரண்டாவது பின்விளக்கு மட்டும் புதிது. ராத்திரியில் சாலையில் போக வேண்டியிருக்கிறதே.

என் நோட்டைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். நாலு பக்கம் வந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி: வண்டியோடு வந்தது, பின்னால் வந்தது, நாங்கள் போட்டது, தெரியவில்லை. கடைசி வகையில்தான் வரிகள் அதிகம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில், உரிமைப் பத்திரத்தின் நகலோடு வைத்திருக்கிறார். பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணுக்கு எதிரே நாங்கள் எழுதியிருப்பது: 'இந்த எஞ்சின் இப்போது வண்டியில் இல்லை. இருப்பது 1957 நவம்பர் 7இல் வார்த்தது.'